தரையும் ஆடுகிறது, காதும் இரைகிறது: ஒரு பஸ் நடத்துநருக்குப் பதில்

கடிதம் எழுதியவருக்கு 43 வயது. தென் மாவட்டம் ஒன்றில் அரசு பஸ் நடத்துநர். பதினாறு ஆண்டு சர்வீஸ். ஐந்து மாதங்களுக்கு முன்பு வீட்டில் எல்லோருக்கும் வந்த சளிக் காய்ச்சல் அவருக்கும் வந்து நான்கு நாளில் இறங்கியது. ஐந்தாம் நாள் விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்தபோது வீடே ராட்டினமாகச் சுற்றியிருக்கிறது. ஓயாத வாந்தி. சுவரைப் பிடித்தும் நிற்க முடியவில்லை. மருத்துவமனையில் மூன்று நாள் இருந்தார். மூளை ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். சுழற்சி ஒரு வாரத்தில் அடங்கியது. வலது காதில் மட்டும் சுவர்க்கோழி கத்துவதுபோன்ற இரைச்சல் அன்று தொடங்கி இன்றுவரை நிற்கவில்லை.

நடந்தால் தரை பஞ்சு மெத்தையாக இருக்கிறதாம். கடைவீதிக் கூட்டத்தில் தள்ளாடுகிறது. தலைக்குக் குளிக்கும்போது கண்ணை மூடினால் விழப் பார்க்கிறார். படுக்கையில் வலப்பக்கம் புரண்டால் சில விநாடி கிறுகிறுவென்று சுற்றி நிற்கிறது. இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் கழுத்து எலும்புத் தேய்மானம் என்று சொல்லிப் பட்டை போட்டுவிட்டார். தலைசுற்றலுக்கு இரண்டு வகை மாத்திரை மூன்று வேளையும், பதற்றத்துக்கு ஒன்று இரவிலும் ஐந்து மாதமாக ஓடுகின்றன. சத்தத்துக்குப் பயந்து காதில் பஞ்சு. அத்தை பித்தம் என்கிறார், மைத்துனர் மனப்பிரமை என்கிறார். விடுப்பு முடியப்போகிறது. வைரஸ் இன்னும் காதுக்குள் இருக்கிறதா, முழுச் செவிடாகிவிடுவேனா, மூளையில் கட்டியா, விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிடலாமா என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறார். கடிதத்தின் கடைசியில் ஒரு வரி: "சில இரவுகளில் இந்தச் சத்தத்தோடு இருப்பதைவிட இல்லாமலே போய்விடலாம் என்று தோன்றுகிறது, டாக்டர் ஐயா."

அன்புள்ள நண்பருக்கு,

அந்தக் கடைசி வரிக்குத்தான் முதலில் பதில். ஊர் அடங்கிய பிறகு காதில் இரைச்சல் மட்டும் மிஞ்சும் இரவுகளில் இந்த நினைப்பு வந்ததாக என்னிடம் சொன்னவர்கள் பலர். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தனியாக வைத்துக்கொள்ளத்தான் கூடாது. இந்தப் பதிலைப் படித்த அன்றே உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். மாத்திரை அட்டைகள் இனி அவர் கையில் இருக்கட்டும். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண் அரசு நடத்துவது, கட்டணமில்லை, இரவு இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். தோன்றுகிறது என்ற நிலையைத் தாண்டி, எப்படி என்று மனம் யோசிக்கத் தொடங்கினால், நேரம் பார்க்காமல் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். இதை முடித்துக்கொண்டுதான் மற்றதைப் படிக்க வேண்டும்.

அன்று விடியற்காலையில் நடந்தது

உள்காதில் கேட்பதற்கு நத்தைக்கூடு போன்ற ஒரு சுருள் இருக்கிறது. அதை ஒட்டினாற்போல மூன்று அரைவட்டக் குழாய்களும் இரண்டு சிறு பைகளும் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, எவ்வளவு சாய்கிறது என்று மூளைக்குச் சொல்வது இவற்றின் வேலை. வலது காதும் இடது காதும் இரட்டை மாட்டு வண்டியின் இரண்டு மாடுகள் மாதிரி. நின்றுகொண்டிருக்கும்போதும் இரண்டும் ஒரே அளவு இழுத்துக்கொண்டிருக்கும். ஒரு மாடு திடீரென்று படுத்துவிட்டால் வண்டி அந்தப் பக்கம் திரும்பும் அல்லவா? நீங்கள் அசையாமல் படுத்திருந்தும் வீடு சுற்றியது அதனால்தான்.

வைரஸின் இந்தத் தாக்குதல் சமநிலை நரம்போடு நின்றால் கேட்கும் திறன் கெடாது. உங்களுக்கு அதே நேரத்தில் இரைச்சலும் வந்திருப்பதால் கேட்கும் சுருளும் சேர்ந்து பாதிக்கப்பட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். எந்த வைரஸ் என்று பெயர் சொல்ல முடியாது. உதட்டோரம் கொப்புளம் போடும் ஹெர்ப்பிஸ் வைரஸ் நரம்பு முடிச்சில் பல ஆண்டு உறங்கிக் கிடந்து, உடல் தளர்ந்த நேரத்தில் விழித்துக்கொள்கிறது என்பது எங்கள் துறையின் வலுவான சந்தேகம். எதுவாக இருந்தாலும், அது வந்த வேலையைச் சில நாட்களில் முடித்துவிட்டுப் போய்விட்டது. "நரம்பைத் தின்றுகொண்டே இருக்கிறதோ" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. இது நாளுக்கு நாள் வளரும் நோயன்று.

அப்படியானால் ஐந்து மாதம் கழித்தும் ஏன் ஆடுகிறது? படுத்த மாடு முழுவதும் எழாவிட்டாலும், வண்டிக்காரன் கயிற்றை மாற்றிப் பிடித்து நேராக ஓட்டக் கற்றுக்கொள்வான். வண்டிக்காரன் என்பது இங்கே மூளை. நிற்பதற்கு மூளைக்கு மூன்று சாட்சிகள்: உள்காது, கண், பாதம். ஒரு காது பொய் சொல்லத் தொடங்கினால் மற்றவற்றைக் கொண்டு கணக்கைத் திருத்திக்கொள்ளும். குளிக்கையில் கண்ணை மூடினால் தள்ளாடுவது, கண் சாட்சியை நீங்களே எடுத்துவிடுவதால். ஆனால் தலை அசைந்தால்தான் கணக்கில் தவறு தெரியும், தவறு தெரிந்தால்தான் மூளை திருத்தும். நீங்களோ ஐந்து மாதமாகத் தலையை அசைக்காமல் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறீர்கள்.

கழுத்துப் பட்டையும் மாத்திரைகளும்

நாற்பதைத் தாண்டிய யாருடைய கழுத்தை எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் ஏதோ ஒரு தேய்மானம், ஏதோ ஒரு வட்டுப் பிதுக்கம் தெரியும். எனக்கும் இருக்கும். நம் ஊரில் தலைசுற்றல் என்று போகிறவர்களில் எத்தனையோ பேர் இந்தப் பட்டையோடு திரும்பி வருகிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும், மறைப்பதற்கில்லை. கை மரத்துப்போதல், கையில் பலம் குறைதல் எதுவும் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்களை நேரில் பார்க்கும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அந்தப் பட்டையைக் கழற்றுங்கள். உங்கள் மூளைக்குத் தேவையான பாடத்தை அதுதான் தடுத்துக்கொண்டிருக்கிறது.

மாத்திரைகளில் புரோகுளோர்பெரசின் முதல் இரண்டு மூன்று நாள் வாந்தியை நிறுத்த அருமையான மருந்து. மாதக்கணக்கில் சாப்பிட்டால் மூளை கற்றுக்கொள்வதை மந்தமாக்கும். சிலருக்குக் கை நடுக்கமும் உடல் விறைப்பும்கூட வரும். இன்னொன்று, பீட்டாஹிஸ்டின், பெரிய கெடுதல் செய்யாது. ஆனால் அதற்குப் பெயர்போன மெனியர் என்ற உள்காது நோயிலேயே, 2016-இல் வெளிவந்த ஒரு ஜெர்மானிய ஆய்வில், மருந்தில்லா மாத்திரையைவிட அது மேலாக இல்லை. உங்களுக்கு மெனியர் நோயும் இல்லை. அது விட்டுவிட்டு, மணிக்கணக்கில் வரும். அந்த நோய்க்காரர்களுக்குச் சொல்லும் உப்பில்லாப் பத்தியத்தை நீங்கள் ஏன் இருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. காபியையும் விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். காலையில் ஒரு டம்ளர் குடியுங்கள்.

இரவில் போடும் குளோனாசெபம் வேறு கதை. அதுவும் மூளையின் பாடத்தைத் தாமதப்படுத்துகிறது; ஐந்து மாதத்தில் உடல் அதற்குப் பழகியும் இருக்கும். அதனால் நீங்களாக ஒருநாளும் திடீரென்று நிறுத்தாதீர்கள். எழுதிக் கொடுத்தவரிடமோ மனநல மருத்துவரிடமோ சொல்லி, வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும்.

பித்தம் என்று இஞ்சி மொரப்பா கொடுத்த உங்கள் அத்தையிடம் எனக்குக் கோபமில்லை. இஞ்சி குமட்டலுக்கு நல்லதுதான். பூண்டு காய்ச்சிய எண்ணெயைக் காதில் விட்டார் என்கிறீர்களே, அதற்குத்தான் கோபம். உள்காதுக்கு அந்த எண்ணெய் போய்ச் சேராது. செவிப்பறை வெந்துபோகலாம், காதுக்குழாயில் பூஞ்சை வரலாம்.

புரளும்போது வரும் சுற்றல் தனி நோய்

உங்கள் கடிதத்தில் ஓரமாக எழுதப்பட்ட இந்த விஷயத்தை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. நாள் முழுவதும் மிதப்பது ஒன்று. வலப்பக்கம் புரண்டதும் சில விநாடி சுற்றி நிற்பது முற்றிலும் வேறொன்று. உள்காதின் பையில் சுண்ணாம்புப் பொடி போன்ற நுண்ணிய படிகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ச்சலுக்குப் பின் காது அடிபட்டவர்களுக்கு அவற்றில் சில உதிர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் விழுவதுண்டு. தலை சாயும்போது அவை உருளுகின்றன, உலகம் சுற்றுகிறது. இதற்கு மாத்திரையே கிடையாது. காது மூக்கு தொண்டை மருத்துவர் உங்களைக் கட்டிலில் ஒரு பக்கமாகச் சாய்த்து, கருவிழி துள்ளுகிறதா என்று பார்ப்பார். துள்ளினால் எப்லி முறைப்படி தலையை நான்கைந்து நிலைகளில் திருப்பி, படிகங்களை வந்த வழியே திருப்பி அனுப்புவார். ஐந்து நிமிட வேலை. பலருக்கு ஒன்றிரண்டு தடவையிலேயே போய்விடும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் செலவில்லாமல் செய்துகொள்ளலாம். இந்த வாரமே போங்கள்.

மற்ற ஆட்டத்துக்குப் பயிற்சிதான் மருந்து. இது புதிய கண்டுபிடிப்பன்று. 1940-களில் இங்கிலாந்தில் தலையில் அடிபட்டு வந்தவர்களைப் படுக்க வைக்காமல், தலையையும் கண்ணையும் அசைக்கச் சொல்லிக் குணப்படுத்தினார்கள் காதோர்ன், குக்சி என்ற இரண்டு மருத்துவர்கள். உங்களுக்கு எளிதான ஒன்றைச் சொல்கிறேன். பழைய பஸ் டிக்கெட் ஒன்றைக் கண் மட்டத்தில் சுவரில் ஒட்டுங்கள். கைநீளத் தூரத்தில் நின்று, அதிலுள்ள ஓர் எண்ணைப் பார்வையிலிருந்து நழுவவிடாமல், இல்லை இல்லை என்று மறுப்பதுபோலத் தலையை இடமும் வலமும் ஆட்டுங்கள். எண் கலங்காத அளவு வேகம் போதும். ஒரு நிமிடம் ஆட்டி ஓய்வு; பிறகு ஆமாம் என்பதுபோல மேலும் கீழும் ஒரு நிமிடம். ஒருநாளைக்கு நான்கைந்து தடவையாகப் பிரித்து மொத்தம் 20 நிமிடம் வரட்டும். பிறகு சுவரோரமாகக் குதிகாலை மறுகாலின் பெருவிரலோடு ஒட்டி வைத்து நடந்து பழகுங்கள். முதல் வாரம் மனைவி பக்கத்தில் இருக்கட்டும். கொஞ்சம் சுற்றும். சுற்ற வேண்டும். கால் மணி நேரத்தில் அடங்கினால் அளவு சரி. நாள் முழுவதும் நீடித்தால் மறுநாள் பாதியாகக் குறையுங்கள்.

இரைச்சல்

கேட்கும் திறனைக் காட்டும் ஆடியோகிராம் படத்தில் வலது காதில் 45 என்று பார்த்துவிட்டு "45 சதவீதம் செவிடு" என்று கணக்கிட்டிருக்கிறீர்கள். அது டெசிபெல் என்ற ஒலி அளவு, சதவீதம் கிடையாது. 2000 ஹெர்ட்ஸ் வரை உங்கள் வலது காது நன்றாகவே கேட்கிறது. 4000, 6000 என்ற கீச்சுக் குரல் பகுதியில்தான் 45 டெசிபெல் வரை இறங்கியிருக்கிறது. கூட்டமான பஸ்ஸில் பின்னாலிருந்து ஒருவர் ஊர்ப்பெயர் சொன்னால் இரண்டாம் தடவை கேட்க வேண்டிவரும், அவ்வளவுதான். முழுச் செவிடாகும் பாதையில் நீங்கள் இல்லை.

அந்தப் பகுதியில் காதிலிருந்து செய்தி குறைந்துவிட்டதால் மூளை தன் பக்கத்து ஒலியைக் கூட்டி வைக்கிறது. ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோவில் ஒலியைக் கூட்டினால் இரைவது போலத்தான். 1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், காது நன்றாகக் கேட்கும் 80 பேரை ஒருவர்பின் ஒருவராகச் சத்தமே புகாத அறையில் உட்கார வைத்து என்ன கேட்கிறது என்று விசாரித்தார்கள். 94 சதவீதம் பேர் ரீங்காரம், சீழ்க்கை, இரைச்சல் என்று ஏதோ ஒன்றைச் சொன்னார்கள். பஞ்சை வைத்து அடைத்துக்கொண்டு நீங்கள் செய்வதும் அந்த அறையைக் காதுக்குள் கட்டுவதுதான். நிசப்தம் இரைச்சலைப் பெரிதாக்கும். பஞ்சை எடுத்துவிடுங்கள். இரவில் மின்விசிறி ஓடட்டும்; அல்லது ரேடியோவை, இரைச்சலை மூழ்கடிக்காமல் அதற்குச் சற்றுக் கீழே ஒலிக்கும்படி வையுங்கள். வெடி, மேளம், சட்டம் தடுத்தும் ஒழியாத ஏர்ஹாரன் என்று உண்மையான பேரொலிக்கு மட்டும் மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான் போதும்.

இந்த ஒலியை முழுக்க அழித்துவிடும் மாத்திரை இன்றைக்கு உலகில் இல்லை. உறுதியாக நிறுத்துகிறோம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஒலி இருந்துகொண்டே தொல்லை போய்விடுவது பெரும்பாலானோருக்கு நடக்கிறது. எண்ணம், பயம், நடத்தை ஆகியவற்றை மாற்றப் பழக்கும் உளவியல் சிகிச்சைக்குத்தான் இதில் நல்ல ஆதாரம் இருக்கிறது.

கட்டி பற்றி: ஒரு காதில் மட்டும் இரைச்சலும் கேட்கும் திறன் குறைவும் இருந்தால், செவி நரம்பில் வளரும் ஒரு கட்டியை இல்லையென்று உறுதி செய்துகொள்வது எங்கள் வழக்கம். ஆண்டுக்கு லட்சத்தில் ஓரிருவருக்கு வருவது, புற்றுநோய் கிடையாது, மிக மெதுவாக வளரும். உங்கள் கதை காய்ச்சலைத் தொடர்ந்து ஒரே நாளில் வந்தது, எனவே வாய்ப்பு குறைவு. மூளை ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்றாலும் செவி நரம்புக் குழாயை மெல்லிய வெட்டுகளாகப் பார்த்தார்களா என்று அந்தப் படத்தைக் காட்டிக் கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் ஒருமுறை எடுத்துவிடலாம்; அவசரமில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த முதல் வாரத்திலேயே ஆடியோகிராம் எடுத்து ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் கேட்கும் திறன் இன்னும் கொஞ்சம் மீண்டிருக்கலாம். அந்த வாய்ப்பு முதல் இரண்டு வாரத்தோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. வாந்தியும் சுழற்சியும் இருந்த நேரத்தில் காதை யாரும் நினைக்கவில்லை. இப்போது அதை நினைத்து நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இதைப் படிக்கும் மற்றவர்கள், திடீரென்று ஒரு காது அடைத்ததுபோல் கேட்காமல் போனால் சளி என்று காத்திருக்காமல் அன்றோ மறுநாளோ காது மருத்துவரிடம் போகட்டும்.

மனப்பிரமையா?

மைத்துனரிடம் சொல்லுங்கள்: சமநிலை நரம்பு மூளைத் தண்டில் போய்ச் சேரும் இடத்துக்கும் பயத்தை எழுப்பும் பகுதிகளுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. விழப்போகிறோம் என்ற செய்தி வந்தால் நெஞ்சு படபடக்கத்தான் வேண்டும். மரத்திலிருந்து சறுக்குகிறவனுக்கு அது உயிர்காக்கும் ஏற்பாடு. சிக்கல் என்னவென்றால், காது அடங்கிய பிறகும் சிலருக்கு இந்தக் காவல் கலையாது. ஒவ்வொரு அடியையும் கண்காணிப்பார்கள், உடலை விறைத்துக்கொண்டு நடப்பார்கள், கூட்டமும் அசையும் காட்சிகளும் ஒத்துக்கொள்ளாது. மூன்று மாதத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் இப்படி இருந்தால் அதற்கு பி.பி.பி.டி. என்று பெயர் உண்டு. பாரனி சங்கம் என்ற சர்வதேச அமைப்பு 2017-இல் இதற்கு வரையறை வகுத்தது. (பாரனி என்பவர் இந்த உறுப்பை ஆராய்ந்து 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்றவர், செய்தி வந்தபோது ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார்.) உங்கள் மிதப்பு பெரும்பாலும் இதுதான். பயிற்சியோடு உளவியல் ஆலோசனையும், தேவைப்பட்டால் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரையும் சேர்ந்தால் நன்றாகக் குணம் தெரியும். மனநல மருத்துவரைப் பாருங்கள் என்று நான் சொல்வதை, நோய் பொய் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வேலையும் விருப்ப ஓய்வும்

எழுதிக் கொடுக்காதீர்கள். பயிற்சி ஒருநாள்கூடத் தொடங்காத நிலையில், எளிதில் திரும்பப் பெற முடியாத ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடுவது அவசரம். மருத்துவச் சான்றோடு, சில மாதங்களுக்கு டெப்போ அலுவலகத்திலோ நேரக் காப்பாளர் இடத்திலோ மாற்றுப் பணி கேளுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 20(4), பணிக்காலத்தில் உடற்குறை ஏற்பட்ட ஊழியரை அரசு நிறுவனம் நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. பழைய வேலைக்கு ஏற்றவராக இல்லையென்றால் அதே ஊதிய விகிதத்தில் வேறு பணி தர வேண்டும். ஆனால் அதே சட்டம் கேட்கும் திறன் குறைபாட்டை இரண்டு காதிலும் 60 டெசிபெல்லிலிருந்து கணக்கிடுகிறது. உங்கள் ஆடியோகிராம் அதற்குள் வராது. சமநிலைக் குறைவை வைத்து வாதிட முடியுமா என்பதைத் தொழிற்சங்க வழக்கறிஞரிடம் கேளுங்கள். அது தேவைப்படும் நிலைக்கு நீங்கள் போவீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

வேலைக்குத் திரும்பினாலும், முதல் டிரிப்புக்கு விடியற்காலை இருட்டில் பைக் ஓட்டிப் போவது மட்டும் இப்போதைக்கு வேண்டாம். ஓட்டுநர் உரிமத்துக்குத் தரும் உடல்தகுதி உறுதிமொழிப் படிவத்திலேயே திடீர்க் கிறுகிறுப்பு உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. ஏணி, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர், கிணற்றடி எல்லாம் அதே பட்டியல்.

காத்திருக்கக் கூடாதவை

பேச்சுக் குழறல், முகம் ஒருபக்கம் கோணுதல், கை கால் ஒருபக்கம் தளர்தல், ஒன்று இரண்டாகத் தெரிதல், இதுவரை இல்லாத கடுமையான தலைவலி, உட்காரவே முடியாத தள்ளாட்டம் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். கேட்கும் திறன் மேலும் குறைந்தாலோ, இரைச்சல் நாடித் துடிப்போடு சேர்ந்து அடித்தாலோ அந்த வாரமே காது மருத்துவரிடம் போக வேண்டும்.

நடத்துநராகச் சேர்ந்த முதல் மாதம் நினைவிருக்கிறதா? ஒரு கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டுதானே டிக்கெட் கிழித்திருப்பீர்கள்? வளைவு வருமுன்பே கால் தானாக அகலும்படி உங்கள் மூளைக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. ஆடி ஆடித்தான் கற்றது. படிகங்களைச் சரிசெய்துகொண்டு, சுவர் டிக்கெட் பயிற்சி இரண்டு வாரம் முடிந்ததும், கூட்டமில்லாத மதிய நேரத்தில், நான்கைந்து நிறுத்தத் தூரத்துக்கு, மனைவியோடு பயணியாக ஏறுங்கள். நடுவில் உள்ள இருக்கை. முதல் நாள் உட்கார்ந்து; நான்காம் நாள், பஸ் நேர்ச்சாலையில் போகும்போது ஒரு நிறுத்தம் மட்டும் நின்று. பிறகு கம்பியிலிருந்து ஒரு விரல், இரண்டு விரல் என்று எடுத்துப் பாருங்கள்.

ஆறு வாரம் கழித்து எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். அப்போது ஆடியோகிராமின் நகலை மறுபடி எடுத்து அனுப்புங்கள். இந்தத் தடவை வந்ததில் இடது காதின் கோடு பாதி அழிந்திருக்கிறது. தெரிகிற வரையில் அங்கேயும் 4000-இல் சின்னதாக ஒரு பள்ளம் இருக்கிறது. அது காய்ச்சலால் வந்ததா, பதினாறு வருஷத்து இன்ஜின் சத்தத்தால் வந்ததா என்று பார்க்க வேண்டும்.